படம் வருதா?

பிப்ரவரி 19, திங்கள்

இது அண்ணனுடைய டைரி. நீல அட்டையில் ‘லோகு விஷன்’ என்று பொன்னெழுத்தில் போட்டிருக்கிறது. புது வருஷத்துக்குக் கேபிள் லைன்மேன்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். போனஸ் கிடையாது, டைரி உண்டு.

அவன் வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இன்றைக்குத்தான் விட்டார்கள். சீட்டுக்கு அடியில் கட்டிங் பிளேயர், கறுப்பு டேப், பாதி தின்ற கடலை மிட்டாய், இந்த டைரி. கடலை மிட்டாயில் எறும்பு மொய்த்திருந்தது. தட்டிவிட்டு வாயில் போட்டுக்கொண்டேன்.

ஜனவரி முழுக்க அவன் கையெழுத்து. எந்த வீதி, எந்த வீடு, என்ன கோளாறு. பிப்ரவரி மூன்று வரைக்கும் அப்படித்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை நான் பார்க்கவில்லை. அதற்கு மேல் என் ஹேர்கிளிப்பைப் போட்டு மூடியிருக்கிறேன். நான்கிலிருந்து வெறும் தாள். தாள் வீணாகக் கூடாது என்று எழுதுகிறேன், வேறு காரணம் இல்லை.

அண்ணன் பெயர் பூபதி, வயது இருபத்தொன்பது. எங்கள் வீதி முனைக் கம்பத்தில் ஏறிக் கேபிளை இழுத்தபோது அது கரண்ட் லைன்மேல் பட்டது. பேப்பரில் எட்டாம் பக்கம், நான்கு வரி. வயதை முப்பத்தொன்பது என்று போட்டிருந்தார்கள்.

பிப்ரவரி 20

வேலைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை. பதினொரு மனு டைப் அடித்தேன். எல்லாம் ‘கருணை கூர்ந்து’ என்றுதான் முடிகிறது. மத்தியானம் தக்காளி சாதம்.

பிப்ரவரி 22

லோகநாதன் வந்தார். லோகு விஷன் முதலாளி. தொட்டிக்காட்டுப்புதூரில் ரெண்டாயிரம் வீட்டுக்கு அவர் கம்பிதான் போகிறது. கூட ஒரு ஆள் பழக்கூடையோடு வந்தான்.

அப்பாவைவிடப் பத்து வயது சின்னவர். “செங்கோடா” என்றுதான் கூப்பிடுவார். அப்பா “சொல்லுங்க” என்று எழுந்து நிற்பார். இன்றைக்கும் எழுந்து நின்றார். மகன் செத்துப் பத்தொன்பது நாள் ஆன மனுஷன், தறிச் சத்தத்தில் காது பாதி போன மனுஷன், அந்தக் குரலுக்கு மட்டும் காது கேட்கிறது.

அம்மாவிடம், “அக்கா, மனசத் தேத்திக்குங்க” என்றார். இத்தனை வருஷமாக அம்மா அவருக்கு ராசாமணிதான். ஒரு சாவு விழுந்தால் உறவுமுறை வந்துவிடுகிறது.

“பூபதி எனக்குத் தம்பி மாதிரிங்க அக்கா. உங்க ஊட்டுக்கு இனிமே கேபிள் காசே வேண்டாம். ஆயுசுக்கும் ஃப்ரீ. புதுப் பெட்டி போட்டுத் தரச் சொல்றேன்.”

அப்பா, “செரிங்க” என்றார்.

“வேற என்ன வேணும்னாலும் கேளுங்க.”

நான் கேட்டேன். “கையொறை குடுத்திருந்தீங்களாங்க?”

“என்ன அம்மிணி?”

“கம்பத்துல ஏற, ரப்பர் கையொறை.”

அவர் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். “படிச்ச புள்ள. வேகமாப் பேசுது” என்றார். அப்பா என்னை உள்ளே போகச் சொன்னார். போனேன். வாழைப்பழத்தை எண்ணாமல் ஆட்டுக்குப் போட்டேன். ஆப்பிளை வைத்துக்கொண்டோம்.

பிப்ரவரி 23

அம்மா சாயங்காலம் ஏழு மணிக்கு டிவி முன்னால் உட்காருகிறாள். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பழைய பெட்டி டிவி. அதன் தலையில் லோகுவின் புது செட்டாப் பாக்ஸ். சீரியலுக்காக உட்காருகிறாள் என்று நினைத்தேன். அவள் லோக்கல் சேனல் வைக்கிறாள்.

லோகு விஷனுக்குச் சொந்தமாக ஒரு சேனல் உண்டு. கல்யாண மண்டபம், நகைக்கடை, சீட்டு கம்பெனி, கோயில் திருவிழா. நடுவில் கண்ணீர் அஞ்சலி. ஊரில் யார் செத்தாலும் போட்டோ கொடுத்து, பணம் கட்டினால் ஓடும். ஏழு பத்துக்கு அண்ணன் வந்தான். பெரியம்மா மகள் கல்யாணத்தில் எடுத்த போட்டோ. பக்கத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டு, பின்னால் ஒரு அருவியை வைத்திருந்தார்கள். அண்ணன் அருவி பார்த்ததே கிடையாது. கீழே எழுத்து:

‘எங்கள் நிறுவன ஊழியர் திரு. செ. பூபதி அவர்களின் அகால மறைவுக்குக் கண்ணீர் அஞ்சலி. லோகு விஷன் குடும்பத்தார்.’

இருபது செகண்ட். அப்புறம் ஜவுளிக்கடைத் தள்ளுபடி.

அம்மா ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இதை மனப்பாடமாகச் சொல்கிறாள். வாய் அசைகிறது. போட்டோ போனதும் டிவியை அணைத்துவிட்டு நூல் சுற்றப் போய்விடுகிறாள்.

“எத்தன நாளாப் பாக்கற?”

“மூணாம் நாள்ல இருந்து. காசு வாங்காமப் போடறாங்க” என்றாள்.

பிப்ரவரி 25, ஞாயிறு

துணி துவைத்தேன். அண்ணன் சட்டை மூன்று. துவைத்து என்ன செய்வது என்று தெரியாமல் துவைத்தேன். மொட்டை மாடியில் பழைய ஆண்டெனாக் குழாய் நிற்கிறது. அதில்தான் கொடி கட்டியிருக்கிறோம். அதில் இப்போது ஒரு சேனலும் வராது. துணி காயும்.

மாடியிலிருந்து பார்த்தால் வீதி முழுக்கத் தெரியும். யார் யார் எதற்கு மாறிவிட்டார்கள் என்று கூரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். மளிகைக்கடைக்காரர் வீட்டில் டிஷ். கேபிளில் கிரிக்கெட் தெளிவாக இல்லையாம். டெய்லர் வீட்டிலும் டிஷ், மருமகள் சீதனம். சுசீலா அக்கா வீட்டில் பெரிய டிவி, இன்டர்நெட், எல்லாம் அதிலேயே வருகிறது. மகன் பெங்களூரில் இருந்து மாதா மாதம் கட்டுகிறான். மிச்சம் எல்லாரும் லோகுதான். ரெண்டு வீட்டில் டிவியே இல்லை, ஆளுக்கு ஒரு போனைக் குனிந்து பார்க்கிறார்கள்.

ஒருத்தர்கூடப் பூபதி செத்ததற்காகக் கேபிளை விடவில்லை. எழுதி வைக்கிறேன். அண்ணன் கீழே கிடந்தபோது கூட்டம் கூடியது. அன்றைக்கே வீதியில் பாதி வீட்டுக்குப் படம் போய்விட்டது. மறுநாள் சுடுகாட்டிலிருந்து திரும்பி வரும்போது ஒருத்தர் மாதையன் அண்ணனை நிறுத்தி, “லைன் எப்ப வருங்க?” என்று கேட்டார். மாதையன் அண்ணனும் லைன்மேன்தான். அண்ணனோடு எட்டு வருஷம் ஏறியவர். தலைமயிரில் இன்னும் ஈரம் காயவில்லை. “நாளைக்கு வந்துருமுங்க” என்று பதில் சொன்னார்.

மறுநாள் வந்துவிட்டது. அதே கம்பத்தில் அவர்தான் ஏறினார்.

பிப்ரவரி 27

சங்ககிரி மாமா போன் செய்தார். அம்மாவின் தம்பி.

“அக்கா, அந்தாளு கம்பி உங்க ஊட்டுல என்னத்துக்கு? அத்து வீசு. நான் ஒரு ஃப்ரீ டிஷ் வாங்கியாறேன். ஒருவாட்டி காசு குடுத்தாப் போதும். மாசாமாசம் ஒண்ணும் கட்ட வேண்டாம்.”

அம்மா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டாள். “அதுல லோக்கல் சேனல் வருமா?”

“எந்த லோக்கலு?”

“நம்மூரு சேனல்.”

“அது எப்படி வரும்? அது அவனோடது.”

“அப்ப வேண்டாம்.”

மாமாவுக்குப் புரியவில்லை. கத்தினார். அம்மா போனை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். மாமா கத்துவதை நிறுத்திவிட்டார். அப்புறம், “போட்டோவப் பெருசா ஃப்ரேம் போட்டு மாட்டுங்களேன்” என்றார்.

மாட்டித்தான் இருக்கிறோம், மாலையோடு. அதை அம்மா பார்ப்பதில்லை. சுவரில் இருக்கிறவன் எப்போதும் இருக்கிறான். ஏழு பத்துக்கு வருகிறவன் வந்துவிட்டுப் போகிறான். அவன் வேலைக்குப் போய்விட்டு வந்ததும் அப்படித்தான்.

பிப்ரவரி 28

ஒன்றுமில்லை. ரேஷனில் பருப்பு இல்லை.

மார்ச் 1, வெள்ளி

எதற்கு ஃப்ரீ என்று இன்றைக்குத் தெரிந்தது.

லோகநாதன் ஒரு பேப்பர் கொண்டுவந்தார். நான் டைப் அடிக்கிறவள், ஒரே பார்வையில் படித்துவிட்டேன். ‘மேற்படி பூபதி எங்கள் நிறுவனத்தில் பணிபுரியவில்லை என்றும், தன் சொந்த வீட்டு இணைப்பைச் சரிசெய்ய யாரும் சொல்லாமல் தானாகவே மின்கம்பத்தில் ஏறினார் என்றும், இதில் எங்களுக்கு யார் மீதும் புகார் இல்லை என்றும்...’

“ஒரு ஃபார்மாலிட்டிதான் செங்கோடா. கரண்ட் ஆபீஸ்ல கேக்கறாங்க. கம்பத்துல கம்பி கட்டினதுக்கே என்மேல கேஸ் வந்துரும்போல இருக்குது. நான் உள்ள போனா ஊருக்கே படம் போயிரும்.”

ஊருக்கே படம் போய்விடுமாம். அதைப் பெரிய துக்கம் மாதிரிச் சொன்னார்.

“எட்டு வருசம் உங்ககிட்டத்தான வேல செஞ்சான்?” என்று நான் கேட்டேன்.

“செஞ்சானா இல்லையான்னு நான் சொல்லல அம்மிணி. அன்னைக்கு எதுக்கு ஏறுனான்? அதச் சொல்லு. உங்க ஊட்டுக்குத்தான ஏறுனான்? நான் ஏறச் சொன்னனா? யாரு கூப்பிட்டாங்க?”



அப்பா பேனாவை வாங்கினார். பேப்பரை முழங்காலில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம், “கண்ணாடி எங்க வெச்சன்னு தெரியலீங்க. எடுத்து வெச்சுக்கிட்டு நாளைக்குப் போட்டுத் தர்றனுங்க” என்றார்.

கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. லோகநாதனுக்கும் தெரிந்தது. “செரி, தேடி வை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா வேலை செய்கிற தறிக்கூடம் லோகநாதனின் மச்சினனுடையது.

மார்ச் 2

ஒன்றுமில்லை. அப்பாவின் கண்ணாடி இன்னும் கிடைக்கவில்லையாம். போட்டுக்கொண்டே சொன்னார்.

மார்ச் 4, திங்கள்

கடைக்கு லீவு போட்டுவிட்டுத் தொழிலாளர் ஆபீஸுக்குப் போனேன். நானே டைப் அடித்த மனு. ‘கருணை கூர்ந்து’ போடவில்லை.

அங்கே இருந்த மேடம் நல்லவர். மனுவை முழுசாகப் படித்தார். அதுவே அபூர்வம்.

“சம்பளச் சீட்டு இருக்காம்மா?”

“இல்லீங்க மேடம்.”

“அடையாள அட்டை?”

“இல்லீங்க.”

“பேங்க்ல சம்பளம் விழுந்துச்சா?”

“கையில குடுப்பாருங்க.”

“அப்ப அவர் அங்க வேலை செஞ்சார்னு எதை வெச்சும்மா சொல்றது?”

“கம்பத்து மேல செத்தானுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “கம்பத்துல யார் வேணாலும் ஏறலாம்மா. யாருக்காக ஏறினார்னுதான் வேணும். கூட வேலை செஞ்சவங்க யாராவது சொல்லுவாங்களா? அவர் கைப்பட எழுதினது, வேலை சம்பந்தமா ஏதாவது? தேடிப் பாருங்க. அடுத்த திங்கள் கொண்டுவாங்க.”

இந்த டைரி அப்போது என் கைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. காவேரியில் தண்ணீர் இல்லை.

மார்ச் 5

நான் எங்கே போனேன் என்பது ஒரே நாளில் லோகநாதனுக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஊரில் கேபிள் மட்டுமா போகிறது.

சாயங்காலம் மாதையன் அண்ணன் வந்தார். உட்காரவில்லை. வாசலில் நின்றபடி செருப்பு வாரைக் காலால் நோண்டிக்கொண்டிருந்தார்.

“வினோ, பூபதி டைரி வண்டியில இருந்துச்சாமா. மொதலாளி கேட்டாரு. கம்பெனி டைரி, கம்பெனிக்குத்தான் சேரணுமாம்.”

“அண்ணா, ஆபீஸ்ல வந்து சொல்லுவீங்களா? எட்டு வருசம் ஒண்ணா ஏறுனோம்னு, அது மட்டும்.”

“எனக்கு ரெண்டு புள்ளைக இருக்குது வினோ.”

“எங்கம்மாவுக்கும் ரெண்டுதான் இருந்துச்சு.”

சொல்லியிருக்க வேண்டாம். அவர் அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. ஒரு ஆம்பளை அழும்போது தண்ணீர் கொடுப்பதா, கதவைச் சாத்துவதா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். “டைரி இருக்குதா, இல்லையா?”

அது கட்டில்மேல் திறந்து கிடந்தது. வாசலில் இருந்து பார்த்தால் நீல அட்டை தெரியும். அவர் பார்த்தார்.

“இல்லேன்னு சொல்லிடறேன். பத்தரமா வெச்சுக்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 6

ஏழு பத்துக்கு அண்ணன் வந்தான். அதே அருவி. அம்மா வாய் அசைந்துகொண்டிருந்தது, நின்றது.

“வினோ, இங்க வா. எழுத்து மாறியிருக்குது.”

நான் சமையலறையிலிருந்து வருவதற்குள் போய்விட்டது. அரை மணி கழித்து மறுபடி போட்டார்கள். இந்த முறை அப்பாவும் பார்த்தார்.

‘எங்கள் நிறுவன நலம்விரும்பி திரு. செ. பூபதி அவர்களின்...’

“என்னன்னு போட்டிருக்குது?”

“நலம்விரும்பி.”

“அப்படின்னா?”

“நமக்கு நல்லது நெனைக்கறவங்க.”

அம்மா யோசித்தாள். “சம்பளம் வாங்கறவன் இல்லையா?”

“இல்ல.”

“அப்பப்ப வந்து போறவனா?”

“ஆமா.”

முப்பது நாள் ரெண்டாயிரம் வீட்டில் ‘ஊழியர்’ என்று ஓடியது. செத்தவன் போட்டோவுக்குக் கீழே என்ன போடுவது என்று யோசிக்காமல், எல்லாரும் போடுகிற வாசகத்தையே போட்டுவிட்டார்கள். யோசித்திருந்தால் முதல் நாளே பொய் சொல்லியிருப்பார்கள். நானும் யோசிக்கவில்லை. போன் கையிலேயே இருந்தது, ஒரு நாள்கூடப் படம் பிடிக்கவில்லை. ‘ஊழியர்’ என்று ஓடியதைப் பார்த்தீர்களா என்று சுசீலா அக்காவிடம் கேட்டேன். அவர்கள் வீட்டில் லோக்கல் சேனல் வராது. மற்றவர்கள் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: “நாங்க அந்தச் சேனலெல்லாம் பாக்கறதில்லீங்க.”

போட்டோ இன்னும் திரையில் இருக்கும்போதே அம்மா எழுந்துவிட்டாள். அப்படி எழுந்தது இதுதான் முதல் தடவை.

மார்ச் 7

காலையில் எழுந்தபோது செட்டாப் பாக்ஸ் டிவிமேல் இல்லை. அம்மா அதைத் துண்டில் சுற்றி, ரிமோட்டை மேலே வைத்து, மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள்.

“வா, குடுத்துட்டு வந்துரலாம்.”

லோகு விஷன் ஆபீஸ் கடைவீதியில் மாடியில் இருக்கிறது. கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“கனெக்‌ஷன் வேண்டாங்களா? உங்களுக்குத்தான் ஃப்ரீயாச்சேங்க.”

“வேல செய்யாதவன் ஊட்டுக்கு எதுக்கு கண்ணு ஃப்ரீ?” என்றாள் அம்மா.

லோகநாதன் உள்ளேயிருந்து வந்தார். “என்னக்கா இது? யாரோ உங்களத் தூண்டி விடறாங்க” என்று என்னைப் பார்த்தார். “பெட்டிய வெச்சுட்டுப் போனீங்கன்னா அப்பறம் போட்டோவையும் நிறுத்த வேண்டி வரும், பாத்துக்குங்க.”

அதுதான் அவர் கையில் இருந்த கயிறு. இத்தனை நாளாக அதைப் பிடித்துத்தான் எங்களைக் கட்டி வைத்திருந்தார். அம்மா திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், திரும்பினால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தேன்.

அம்மா துண்டைப் பிரித்துப் பெட்டியைக் கவுன்ட்டரில் வைத்தாள். துண்டை உதறி மடித்துக்கொண்டாள்.

“நிறுத்திக்குங்க. நீங்க போடறது எம் பையன் இல்லீங்க. எம் பையன் எட்டு வருசம் உங்ககிட்ட வேல செஞ்சான்.”

படியிறங்கும்போது அம்மா முன்னால் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து, மாமாவுக்குப் போன் போட்டு, “அந்த டிஷ்ஷ வாங்கியா. அவுங்கப்பாவுக்கு நியூஸ் பாக்கோணும்” என்றாள். அப்பா நியூஸ் கேட்கவே இல்லை. கேட்காமலே தலையாட்டினார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, லோகநாதன் கொடுத்த பேப்பரை ஒருமுறை முழுசாகப் படித்தார். நாலாக மடித்தார். ஆடுகிற கட்டில் காலுக்கு அடியில் வைத்தார்.

மார்ச் 8

அப்பாவைத் தறிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு கூடம் பார்க்கிறார்.

மார்ச் 9, சனி

கிளிப்பை எடுத்தேன்.

பிப்ரவரி 3. அவன் கையெழுத்து. ஒன்றிலிருந்து ஆறு வரை வெவ்வேறு வீதி. பெட்டி மாற்றுவது, கம்பி அறுந்தது, ரிமோட். ஒவ்வொன்றுக்கும் எதிரில் டிக். ஏழாவது:

‘7. வா. எண் 412. செங்கோடன் வீடு. படம் வரல. மேடம் பயங்கரக் கோவம்.’

ஏழுக்கு மட்டும் டிக் இல்லை.

வா. எண் என்றால் வாடிக்கையாளர் எண். சொந்த வீட்டுக்குக் கம்பி கட்டப் போகிறவன் வாடிக்கையாளர் எண் எழுத மாட்டான். தொழிலாளர் ஆபீஸ் மேடத்துக்கு வேண்டியது இந்த ஒரு வரி. இது இருப்பது எனக்குத் திங்கள்கிழமையே தெரியும். பார்க்காமலே தெரியும். ஏனென்றால் நான் சொல்லித்தான் எழுதினான்.

எழுதிவிடுகிறேன். எப்படியும் நாளை மறுநாள் இதை யாரோ படிக்கப் போகிறார்கள்.

அன்றைக்கு எனக்கு லீவு. கடைக்காரர் வீட்டில் கல்யாணம். ஏதோ சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தேன். படம் போய்விட்டது. அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“ஊருக்கெல்லாம் படம் காட்டறவன், சொந்த ஊட்டுல ஒண்ணும் தெரியல.”

“பொழுதோட வர்றேன்டி. வேல கெடக்குது.”

“அப்ப டிஷ்ஷுக்கு மாறிக்கறோம். கஸ்டமர் ஒருத்தர் போயிட்டாங்கன்னு உங்க மொதலாளிகிட்டச் சொல்லு.”

சிரித்தான். “மேடம், கோச்சுக்காதீங்க மேடம். கம்ப்ளெய்ன்ட் எழுதிக்கறேன். கஸ்டமர் நம்பர் சொல்லுங்க.” நானும் பெட்டியைத் திருப்பிப் பார்த்து நானூத்துப் பன்னெண்டு என்று சொன்னேன். “பேரு?” “செங்கோடன்.” “என்ன ப்ராப்ளம் மேடம்?” “லைன்மேன் சரியில்லீங்க” என்றேன். பத்து நிமிஷத்தில் வந்துவிட்டான். வீட்டுக்குள் வரவில்லை. நேராகக் கம்பத்தில் ஏறினான்.

அங்கிருந்து கத்துவான். எப்போதும் அப்படித்தான். “படம் வருதா?”

“வரல.”

“இப்ப?”

“வரல.”

“இப்ப வருதா?”

வந்துவிட்டது. படம் வந்துவிட்டது. கட்டம் கட்டமாக உடைந்தது, சத்தம் விட்டு விட்டு வந்தது, ஆனால் வந்துவிட்டது. வந்துருச்சு என்று சொல்லியிருந்தால் இறங்கியிருப்பான். நான் டிவியைப் பார்த்தபடியே, “இன்னும் கொஞ்சம்” என்று கத்தினேன்.

அதற்கப்புறம் நன்றாக வந்தது. தெளிவாக, ஒரு செகண்ட். அப்புறம் எல்லாம் போய்விட்டது. ஃபேன், லைட், தறிச் சத்தம்.

அவ்வளவுதான். யாரு கூப்பிட்டாங்க என்று லோகநாதன் கேட்டார் இல்லையா, நான்தான்.

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு மற்றதை மட்டும் கொடுக்கலாமா என்று யோசித்தேன். கிழித்தால் எல்லாமே பொய் என்பார்கள். பேனா கையில் இருக்கிறது. ஏழுக்கு எதிரில் ஒரு டிக் போடக் கை போகிறது. போடவில்லை. ஆதாரத்தில் கை வைக்கக் கூடாது.

யாரோ ஒரு ஆபீஸர் படிப்பதற்கு முன்னால் அம்மா கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து மேலே எழுதியதை அப்படியே படித்தேன். கடைசி வரைக்கும் படித்தேன். அம்மா ராட்டையை நிறுத்தவில்லை. நூல் ஒரு இடத்தில் அறுந்தது. முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி சுற்றினாள்.

“சாப்பிட்டியா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

“குழம்பு சுடவெச்சுத் தின்னு” என்றாள்.

மார்ச் 10, ஞாயிறு

மாமா டிஷ்ஷோடு வந்தார். மாட்டுவதற்குச் சங்ககிரியிலிருந்து ஒரு ஆளையும் கூட்டிவந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். பெயர் கேட்கவில்லை. மொட்டை மாடியில் ஆண்டெனாக் குழாயிலேயே கிளாம்ப் போட்டு மாட்டினான். துணிக்கொடியை அவிழ்க்க வேண்டியிருந்தது. அண்ணன் சட்டை மூன்றும் இன்னும் அதில்தான் கிடந்தன. எடுத்து மடித்தேன்.

நாளைக்குப் பத்து மணிக்குத் தொழிலாளர் ஆபீஸ். அப்பாவும் வருகிறார். டைரியை அங்கேயே கொடுத்துவிட வேண்டும் என்று மேடம் போனில் சொல்லிவிட்டார். ஜெயிப்போமா தெரியாது. மாதையன் அண்ணன் நேற்று வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போய்விட்டார். வருவாரா, அதுவும் தெரியாது. டிசம்பர் வரைக்கும் வெறும் தாள் மிச்சம் இருக்கிறது. அதுவும் போகிறது.

இன்னும் ஒன்று எழுதிவிட்டு மூடுகிறேன்.

டிவி முன்னால் நான், அம்மா, அப்பா, மாமா. திரை கறுப்பாக இருந்தது. ‘சிக்னல் இல்லை’ என்று ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. மாடியில் அந்த ஆள் டிஷ்ஷைத் திருப்புகிற சத்தம். அப்புறம் கைப்பிடிச் சுவர்மேல் ஏறுகிற சத்தம்.

“படம் வருதாங்க?”

மாமா வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அப்பா தரையைப் பார்த்தார்.

“ஏனுங்க, படம் வருதா?”

திரையில் ஒன்றும் இல்லை. அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய், நடுவீதியில் நின்று, மேலே பார்த்து, மூன்று வீதிக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்:

“வந்துருச்சு கண்ணு! நல்லா வந்துருச்சு. எறங்கீரு சாமி, எறங்கீரு!”